தண்ணீரின் பளபளப்பை அணைத்தால்

லண்டன் கிளாபம் பகுதிக் குளம் ஒன்றில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டிக்கு மிகாத எண்ணெயை விட்டார். காற்றில் சிலிர்த்துக்கொண்டிருந்த நீர் அரை ஏக்கர் அளவுக்கு அப்படியே அடங்கிப்போனது. 1774இல் வெளியான கட்டுரையில் இதை விவரித்தவர், எண்ணெயின் கனத்தை மட்டும் கணக்குப் போடவில்லை. எளிய வகுத்தல்தான். போட்டால் இரண்டு, மூன்று நானோமீட்டர் வரும். கிட்டத்தட்ட ஒற்றை மூலக்கூறின் உயரம்.

ஜெர்மனியில் ஆக்னஸ் பொக்கல்ஸ் வீட்டிலேயே தகரத் தொட்டி வைத்து இத்தகைய படலங்களை அளந்தார். பின்னால் இர்விங் லாங்மியூர் அதைத் துல்லியமாக்கினார். ஆனால் அளந்தார்களே தவிர, படலத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஒளிரும் சாயம் கலந்து பார்க்கும் முறை பிறகு வந்தது. அதில் ஒரு சங்கடம்: இவ்வளவு மெல்லிய படலத்தில் சாயமும் கலப்படம்தான்.

1991இல் பாரிஸிலும் கோட்டிங்கனிலும் இரு குழுக்கள் சாயமில்லாத வழியைக் காட்டின. அடிப்படை என்னவோ பழசு. 1815இல் டேவிட் புரூஸ்டர் சொன்ன விதி. தக்க திசையில் மட்டும் அதிரும்படி தளவிளைவுற்ற ஒளியைச் செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்த்து நீரில் விழச் செய்தால் எதிரொளிப்பே இராது. கேமராவுக்குத் தண்ணீர் வெறும் இருட்டு. அதன்மேல் படலம் விரிந்ததும், அதன் ஒளிவிலகல் எண் நீரினின்று வேறுபடுவதால், விழுந்த ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் ஏதோ திரும்பி வரும். அந்தத் துளிதான் படம். லேசர் இல்லாமல் இது எளிதில் ஆகாது. கதிர்கள் இணையாக வராவிட்டால் கோணம் கலைந்துவிடும். செறிவு குறைந்தால் திரும்புவது கண்ணுக்குத் தட்டுப்படாது.

கருவியோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். பக்கத்தில் யாராவது நடந்தாலே நீர் நடுங்கும். நீருக்குள் இறங்கும் கதிர் தொட்டியின் அடியில் பட்டுத் திரும்பிவிடாதபடி கறுப்புக் கண்ணாடி ஒன்றை அங்கே வைக்கிறார்கள். சாய்வாகப் பார்ப்பதால் ஒரு குறுகிய பட்டைதான் ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரியும்.

தொட்டியின் தடுப்பை மெல்ல நகர்த்திப் படலத்தை நெருக்கினால் இருட்டில் வெளிச்சத் தீவுகள் முளைக்கின்றன. மூலக்கூறுகள் சாய்ந்து நிற்கும் திசைக்கேற்ப ஒரே தீவுக்குள்கூடச் சில பகுதிகள் வெளுத்தும் சில கறுத்தும் தெரியும்.

நம் நுரையீரலின் காற்றறைகளிலும் இப்படியொரு கொழுப்புப் படலம் உண்டு. மூச்சை விடும்போது அது நெருக்கப்பட்டு, நீரின் பரப்பு இழுவிசையைத் தணித்து, அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. குறைமாதக் குழந்தைகள் பலருக்கு அது போதுமான அளவில் இராததால்தான் மூச்சுத்திணறல் வருகிறது. அந்தப் படலத்தின் முதன்மைக் கொழுப்பான டிபிபிசியைத் தொட்டியில் பரப்பி, தடுப்பைக் கொண்டு மூச்சைப் போலவே நெருக்கியும் தளர்த்தியும் பார்க்கிறார்கள். அதோடு கொஞ்சம் கொலஸ்ட்ரால் சேர்ந்தால் போதும், தீவுகள் மெலிந்து நீண்டுவிடுகின்றன.