முடிவு வந்த இரவுக்குப் பிறகு

தேர்தலில் தோற்றவர் யார் என்று கேட்டால் எல்லோரும் வேட்பாளரின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால், அவருக்காக வெயிலென்றும் பாராமல் தெருத்தெருவாக அலைந்து, சுவரில் சின்னம் வரைந்து, வாக்குச்சாவடியில் விடியற்காலை முதல் பூத் ஏஜென்டாக உட்கார்ந்து, எண்ணிக்கை நாளில் ஒவ்வொரு சுற்றுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற தொண்டரும், எந்தக் கட்சியிலும் சேராமல் ஒரு கொள்கையின் மீது கொண்ட அபிமானத்தினால் மட்டுமே வாக்களித்துவிட்டு வந்த பள்ளி ஆசிரியையும், அன்றிரவு என்ன மனோநிலையில் வீடு திரும்புகிறார்கள், மறுநாள் காலை எப்படி எழுந்திருக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் விசாரிப்பதில்லை. அது ஒரு துக்கம். மற்றத் துக்கங்களைப் போலவே அதற்கும் கவனிப்பு வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

விருதுநகர்ப் பக்கத்தில் ஒரு வீடு

1967 பிப்ரவரியில் எனக்கு எட்டு வயது. ஒன்பது ஆண்டுகள் முதலமைச்சராக இருந்து, பின்னர் அகில இந்தியக் காங்கிரஸின் தலைவராகி, இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பங்கு கொண்ட காமராஜர், தாம் பிறந்த விருதுநகரிலேயே, தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றுப்போனார் என்ற செய்தி எங்கள் தெருவுக்கு வந்தபோது, பலசரக்குக் கடை வைத்திருந்தவரும் கதரைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவருமான என் பெரியப்பா, ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குள் போய், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் கடை திறக்கவில்லை. பெரியம்மா கொண்டுபோய் வைத்த கஞ்சியின் மேல் ஆடை படிந்து, அது சுருங்கி, கடைசியில் எருமையின் தொட்டியில் ஊற்றப்பட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த உறவினர்கள், “அடுத்த தேர்தல்ல பாத்துக்கிடலாம்” என்றார்கள், “உங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?” என்றும் கேட்டார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் எதிர்வீட்டுத் தையற்காரர் வந்தார். அவர் தி.மு.க.காரர்; சைக்கிளில் கறுப்புச் சிவப்புக் கொடி கட்டியிருந்தவர். வெற்றி பெற்ற கட்சிக்காரர் என்ன சொல்லப்போகிறாரோ என்று பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் தேர்தலைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. “அண்ணாச்சி, மிஷின் பெல்ட்டு அறுந்துபோச்சு. ஒத்தை ஆளா மாட்ட முடியல, கொஞ்சம் வாரீகளா?” என்று மட்டும் கேட்டார். பெரியப்பா சிறிது நேரம் பேசாமல் கிடந்துவிட்டு எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். மத்தியானம் வரை அங்கேயே இருந்தார். சாயங்காலம் கடையைத் திறந்தார். தையல் மிஷினுக்குப் பெல்ட்டு மாட்ட இரண்டு ஆள் வேண்டியதில்லை என்பது எனக்குப் பல வருஷங்கள் கழித்தே தெரிந்தது.

1962இல் காஞ்சிபுரத்தில் தாமே தோற்றிருந்த அண்ணா, காமராஜரின் தோல்வியைக் கேட்டு வருந்தினார் என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். அந்த மனப்பாங்கு எங்கள் தெருத் தையற்காரர் வரைக்கும் இறங்கி வந்திருந்தது என்றே நான் நம்புகிறேன். காமராஜர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று, லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்று மக்களவைக்குப் போனார். தலைவர்களுக்கு வேறொரு தொகுதி கிடைக்கும். தொண்டருக்கு இருப்பது ஒரே தெரு. ஜெயித்தவரும் தோற்றவரும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

சரீரம் படும் பாடு

பெரும் ஏமாற்றம் நேரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகள் இரத்தத்தில் மிகுந்து, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி, பசி மந்தித்து, நித்திரை கலைந்துபோகிறது. உடனடி ஆபத்திலிருந்து ஓடித் தப்புவதற்காக உடம்பு செய்துகொள்ளும் இந்த ஏற்பாடு, ஓடுவதற்கு இடமில்லாத துக்கத்தில் நாட்கணக்காக நீடித்தால் உடம்பையே வருத்துகிறது. இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று உண்டு. 2016 நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலை அடுத்த இரண்டு நாட்களில், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய இதய, இரத்தக்குழாய் நோய்களுக்காகத் தெற்குக் கலிபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்னும் பெரிய மருத்துவ அமைப்பைச் சேர்ந்தோர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்ட விகிதம், முந்திய வாரத்தின் அதே இரண்டு நாட்களில் இருந்ததைப்போல் 1.62 மடங்காக இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2020இல் வெளியிட்டார்கள். அவர்களில் எவர் எந்தக் கட்சியை ஆதரித்தவர் என்பது ஆவணங்களில் இல்லாததால், தோற்றவர்களுக்கே இது நேர்ந்தது என்று நாம் சொல்லிவிட முடியாது. தேர்தலின் பதற்றம் இதயம் வரைக்கும் எட்டக்கூடும் என்ற அளவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆகையால், காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, முன்னிலை பின்னடைவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வெறும் டீயில் பொழுதைக் கழிக்கும் சர்க்கரை நோயாளியும் இரத்த அழுத்தக்காரரும், அந்த நாளிலும் அதற்கடுத்த நாட்களிலும் மாத்திரையையும் ஆகாரத்தையும் வேளை தவறாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திராமல் உடனே 108க்குச் சொல்லிவிட வேண்டும்.

படிப்பகமும் கைபேசியும்

அக்காலத்தில் ஊருக்கு ஊர் கட்சிப் படிப்பகங்கள் இருந்தன. ஒரு பெஞ்சு, நாலைந்து பத்திரிகைகள், ஒரு கேரம் பலகை, மாலையில் பத்துப் பேர், அவ்வளவுதான். தோல்விச் செய்தியை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டு, ஏசி, பெருமூச்சு விட்டு, எந்தத் தெருவில் ஓட்டுக் குறைந்தது என்று வாதாடி, பிறகு வீட்டுக்குப் போவார்கள். பத்திரிகை முடிகிற இடத்தில் செய்தியும் முடிந்தது. இன்று அதே துக்கத்தை மனிதர் போர்வைக்குள் தனியே, இரவு இரண்டு மணிக்கு, முடிவே இல்லாத கைபேசித் திரையில் அனுபவிக்கிறார். ஜெயித்தவர்களின் மீம்களும் தம் கட்சிக்காரர்களே ஒருவர்மேல் ஒருவர் சுமத்தும் பழிகளும் மாறிமாறி வந்து புண்ணைக் கிளறுகின்றன. ஒரு வாரத்துக்காவது காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று செய்தி பார்க்கும் நேரத்தை வரையறுத்துக்கொண்டு, வாட்ஸப் குழுக்களை மௌனமாக்கிவிட்டு, படுக்கும் அறைக்கு வெளியே கைபேசியை வைத்துவிடுவது நல்லது.

அந்த இடத்தை மனித சகவாசத்தால் நிரப்ப வேண்டும். 148 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, வலுவான உறவுகள் உடையோர் உயிர் வாழும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 50 சதவீதம் அதிகம் என்று கண்டது. கூட வேலை செய்த பூத் ஏஜென்டுகள் ஒரு மாலை யார் வீட்டு மொட்டைமாடியிலாவது கூடிப் பேசலாம். அழுகை வந்தால் அழலாம். ஆனால் எல்லாக் கூட்டமும் ஆறுதல் தருவதில்லை. துவேஷத்தை வளர்க்கும் கூட்டமும் அன்றைக்கு நட்பைப் போலவே தோன்றும். வீட்டுக்கு வந்தபின் தூக்கம் வருகிறதா, பல்லைக் கடித்துக்கொண்டு புரள்கிறோமா என்பதைக் கொண்டு அவரவரே தெரிந்துகொள்ளலாம். தேர்தலோடு சம்பந்தமே இல்லாத இடங்களும் வேண்டும்: கிளை நூலகம், காலை நடைக்கு வரும் சிநேகிதர்கள், மகளிர் சுய உதவிக் குழு, கோயிலோ தேவாலயமோ பள்ளிவாசலோ. பெண்களைப் பற்றி இங்கே தனியே சொல்ல வேண்டும். வீட்டில் அரசியல் பேசும் உரிமையே இல்லாத எத்தனையோ பெண்கள், தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதையும் அதனால் வந்த வருத்தத்தையும் ஒருவரிடமும் சொல்லாமல் அடுப்படியிலேயே விழுங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மனம்விட்டுப் பேச ஒரு தோழி இருப்பது ஔஷதத்துக்குச் சமானம்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு

“இதெல்லாம் அரசியல், மறந்துவிடு” என்று சொல்லாதீர்கள். முடிவினால் தம் பிழைப்புக்கோ, தம் சமூகத்தின் பாதுகாப்புக்கோ தீங்கு வருமோ என்று உண்மையாகவே அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் சமாதானத்தைவிட, சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கக்கூடிய ஒரு வக்கீலும், பக்கத்தில் நிற்பதாகச் சொல்லும் இரண்டு அண்டைவீட்டாரும் அதிகம் பயன்படுவார்கள். மற்றவர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு வேலைக்குத் துணை கேளுங்கள். தம்மால் இன்னும் ஒருவருக்குப் பிரயோஜனம் உண்டு என்று தெரிந்தால் மனிதர் எழுந்து உட்காருவார்.

வைத்தியரை நாட வேண்டிய வேளை

பெரும்பாலோருக்குச் சில நாட்களில் பசியும் தூக்கமும் திரும்பிவிடும். இரண்டு வாரம் ஆகியும் பெரும்பாலான நேரம் மனம் வாடிக் கிடந்தாலும், எதிலும் நாட்டமில்லாமல் வேலைக்குப் போகாமல் இருந்தாலும், குடி அதிகரித்தாலும் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும். தலைவருக்காக உயிரை விட்டுவிடுவேன் என்று ஒருவர் சொன்னால், அதை அபிமானத்தின் பேச்சு என்று பாராட்டியோ, வெறும் வாய்வார்த்தை என்று அலட்சியப்படுத்தியோ விட்டுவிடாமல், அந்த நிமிஷம் முதல் அவரைத் தனியே விடாமல் கூடவே இருந்து உதவி தேட வேண்டும். அப்படி உயிர்களை இழந்த வீடுகள் நம் நாட்டில் உண்டு. கட்சிகள் மாலை போட்டுவிட்டுப் போன பிறகு அந்த வீடுகளில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் தாய்மார்களே.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகப் பணியாற்றிவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. எந்தக் கட்சி, எந்த ஊர் என்றெல்லாம் அங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை. “நாலு நாளா தூக்கம் வரல” என்று தொடங்கினாலே போதும்.