கையெழுத்துப் போடும் கார்கள்!

கார்களும் சிக்னல் கம்பங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் நியூயார்க், டாம்பா நகரங்களிலும் வயோமிங் மாநிலத்திலும் இதற்கான சோதனைத் திட்டங்கள் 2015ல் அறிவிக்கப்பட்டன. 'நான் இங்கே வருகிறேன், என் வேகம் இவ்வளவு' என்று ஒவ்வொரு வண்டியும் வினாடிக்கு 10 முறை ரேடியோ அலை மூலம் சொல்லும். சுமார் 300 மீட்டர் தூரம் வரை அது கேட்கும். சாலையோரக் கருவியோ, 'இன்னும் சில வினாடிகளில் சிவப்பு விளக்கு எரியும்' என்று முன்கூட்டியே எச்சரிக்கும். பனிமூட்டத்திலும் விபத்தைத் தவிர்க்கலாம்.

சரி, யாராவது பொய் சொன்னால்? 'நான் ஆம்புலன்ஸ், பச்சை விளக்கு போடு' என்று ஒரு போக்கிரி செய்தி அனுப்பினால், உண்மையான ஆம்புலன்ஸ் குறுக்குச் சாலையில் காத்துக் கிடக்குமே!

பூட்டாத கதவு

இது வெறும் பயம் அல்ல. 2014ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சாலைத் துறையின் அனுமதியோடு, ரேடியோவால் இணைக்கப்பட்ட சுமார் 100 சிக்னல்கள் கொண்ட அமைப்பைச் சோதித்தார்கள். செய்திகள் ரகசியக் குறியீடாக மாற்றப்படவே இல்லை. கருவி வாங்கும்போது இருந்த பாஸ்வேர்டும் மாற்றப்படவில்லை! லேப்டாப் மூலம் விளக்குகளை மாற்ற அவர்களால் முடிந்தது. நல்லவேளை, ஒன்றையொன்று குறுக்கிடும் இரு சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாமல் தடுக்கும் தனிக் கருவி ஒன்று உள்ளே இருந்தது.

கையெழுத்து எப்படி?

விடுப்புக் கடிதத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தால்தானே ஆசிரியர் ஏற்பார்? அதுபோல, பேசும் கார்களின் ஒவ்வொரு செய்தியிலும் மின்னணுக் கையெழுத்து உண்டு. இது கணக்குப் போட்டு உருவாக்கப்படுவது. செய்தியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. கேட்கும் கருவி அதைத் தள்ளிவிடும்.

நேற்றைய உண்மைச் செய்தியைப் பதிவு செய்து இன்று அனுப்பினால்? அதுவும் செல்லாது. செய்தியிலேயே நேரம் குறிக்கப்பட்டிருக்கும்!

இன்னொன்று கவனியுங்கள். இந்தச் செய்தி ரகசியம் அல்ல. பக்கத்து வண்டிகள் எல்லாம் படித்தால்தான் விபத்து தவிரும். எல்லோரும் படிக்கலாம், யாரும் போலியாக எழுதக் கூடாது. அதுதான் இதன் சூட்சுமம்.

முகமூடி எதற்கு?

எப்போதும் ஒரே கையெழுத்து என்றால், இந்தக் கார் எங்கெல்லாம் போகிறது என்று யாராவது பின்தொடரலாமே? அதனால் கையெழுத்தோடு செல்லும் சான்றிதழில் உரிமையாளர் பெயரோ வண்டி எண்ணோ இருக்காது. அமெரிக்கத் திட்டத்தில் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 சான்றிதழ்கள். அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். தவறாக நடக்கும் கருவியின் சான்றிதழ் ரத்தாகும்.

ஆக, சொல்வது உண்மை என்று நிரூபிக்க வேண்டும். சொல்பவர் யார் என்பதும் வெளியே தெரியக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

உங்கள் வீட்டில் வை-பை கருவி இருக்கிறதா? கடையிலிருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதா என்று இன்றே அப்பா, அம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மிச்சிகன் சிக்னல்களில் திறந்து கிடந்த கதவுகளில் அதுவும் ஒன்று!