ஒட்டியதெல்லாம் கிருமியா?
துப்பறியும் மூலக்கூறுகள் – 11

கொரோனாக் காலத்தில் ஜொகூர் பாருவில் ஆர்டிகே என்ற விரைவுச் சோதனைப் பட்டையைப் பார்க்காத வீடு அபூர்வம். அதில் விழும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்கம். தங்கத்தை நானோ அளவுத் துகளாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்துவிடும். அந்தத் துகளை, கிருமியின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு கட்டி அனுப்புகிறார்கள். கிருமியின் புரதம் சிக்கிய இடத்தில் துகள்கள் குவிய, கோடு தெரிகிறது. டெங்கிக்கான என்எஸ்1 பட்டையும் இதே ரகம்தான். நம் கண்ணில் படுவது கிருமி அல்ல, அதன் முதுகில் ஒட்டிய அடையாளம்.

அடையாளமே ஒட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று 1983-ல் சுவீடனின் லின்ஷோப்பிங் நகரிலிருந்து லீட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் எழுதினார்கள். இந்த முறையில் வழக்கமாக, கண்ணாடிப் பட்டகத்தின் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு இருக்கும். கண்ணாடி வழியாக ஒளியைச் சாய்த்துப் பாய்ச்சினால் அது பிரதிபலித்துத் திரும்பிவிடும். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் திரும்பாது. தங்கத்தின் மேற்பரப்பில் அலையும் எலக்ட்ரான்கள் அந்த ஆற்றலை விழுங்கிவிடுகின்றன. பூச்சின் மறுபக்கத்தில் புரதம் வந்து ஒட்டினால் அந்த இருட்டுக் கோணம் இம்மியளவு நகரும். நகர்வை அளந்தால் போதும். சாயம் வேண்டாம், நொதி வேண்டாம்; ஒட்டுவதும் கழல்வதும் நொடிக்கு நொடி திரையில் கோடாக ஓடும். 1990-ல் பயாகோர் என்ற பெயரில் இது கருவியாகவே விற்பனைக்கு வந்தது.

அடையாளம் ஒட்டாத இன்னொரு வழி மின்வேதி முறை. அதற்கு ஒளி தேவையில்லை. ஆன்டிபாடி பூசிய மின்முனையை ஃபெர்ரிசயனைடு போன்ற கரைசலில் வைத்து மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்று பார்ப்பார்கள். புரதம் படியப் படிய எலக்ட்ரான்களுக்கு வழி அடைபடும், தடை ஏறும். கருவி சிறிது, செலவும் குறைவு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் என ஜொகூரிலேயே சென்சார் ஆய்வு நடக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். தங்கத்துக்கு யார் வந்து ஒட்டினார்கள் என்று தெரியாது. ஏதோ ஒட்டியது என்பது மட்டுமே தெரியும். இரத்தத்தில் நாம் தேடும் புரதம் ஒன்று இருந்தால் அல்புமின் என்ற சாதாரணப் புரதம் கோடிக்கணக்கில் இருக்கும். கல்யாணப் பந்தியில் அழைத்தவர் வருவதற்குள் அழையாதவர்கள் இலையில் உட்கார்ந்துவிடுவதைப் போல, அவை முந்திக்கொண்டு படிந்துவிடும். அதனால் ஆய்வகத்தில் காலி இடங்களையெல்லாம் மாட்டு அல்புமினால் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறார்கள். அப்படியும் கொஞ்சம் கசியும். அதனால், 'ஃபெம்டோமோலார் அளவையும் கண்டுபிடிக்கும்' என்று, அதாவது மிக மிகச் சொற்பமாகக் கரைந்திருப்பதையும் பிடிக்கும் என்று, ஒரு கட்டுரை சொன்னால், எதில் கரைத்து அளந்தார்கள் என்றுதான் நான் முதலில் தேடுவேன். சுத்தமான பஃபர் கரைசலில் கிடைத்த எண் சுங்கை ஜொகூரின் மண் கலந்த நீரில் நிற்காது.

இன்னொரு எல்லையும் உண்டு. அதை ஜொகூரின் பாசிர் கூடாங் வட்டாரத்தை வைத்தே சொல்லலாம். 2019 மார்ச் 7 அதிகாலை அங்குள்ள சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல், வாந்தி. நான்கு நாளில் இரண்டாவது அலை. மார்ச் 13-ல் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. சுமார் 6,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 2,775 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பென்சீன், தொலுயீன், அக்ரோலீன், அக்ரிலோநைட்ரைல் என்று பெயர்கள் பிறகு வரிசையாக வெளிவந்தன.

ஒரு தங்கச் சில்லு ஆற்றங்கரையில் இருந்திருந்தால் முன்னதாகவே சொல்லியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஒட்டும் பொருளின் பருமனைப் பொறுத்துத்தான் அந்த இருட்டுக் கோணம் நகரும். ஆன்டிபாடியின் மூலக்கூறு எடை சுமார் 1,50,000, பென்சீனுடையது 78. யானையை நிறுத்தும் தராசில் எறும்பு. பாசிர் கூடாங்கின் நஞ்சுகள் இந்த முறை தடுமாறும் இடத்திலேயே நிற்கின்றன.

சிறிய மூலக்கூறை அது செய்யும் கெடுதலை வைத்துப் பிடிக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை மின்முனையில் பூசி, அதற்குரிய தீனியைக் கொடுத்தால் மின்னோட்டம் வரும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி துளி சேர்ந்தாலும் நொதி முடங்கும், மின்னோட்டம் சரியும். இங்கேயும் அடையாளம் எதுவும் ஒட்டுவதில்லை. செம்பனைத் தோட்டத்தில் அவ்வகை மருந்தடிக்கும் ஒருவரின் உடம்பிலும் அதே நொதிதான் அடிபடுகிறது. தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேட்டைத் தெனாகனித்தா என்ற மலேசிய உரிமை அமைப்பு 2002-லேயே அறிக்கையாக வெளியிட்டது. அவர்களில் தமிழ்ப் பெண்கள் நிறைய.

அவர்களுடைய விரல்நுனி இரத்தத்தில் இந்த நொதியை அளந்தால் போதுமே என்று தோன்றும். ஆனால் நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு நல்ல எண்ணாக இருப்பது இன்னொருவருக்குப் பாதியாகக் குறைந்துபோன எண்ணாக இருக்கலாம். மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டும் முன்பே எடுத்துவைத்த அளவு வேண்டும். அந்த முதல் அளவை யார், எப்போது எடுக்கவேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)