அதிகாரி யார்? சிவஞானபோதமும் பயிற்சியற்ற வாசகனும்

‘அதிகாரம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஆட்சி என்று பொருள். நூலின் ஒரு பகுதி என்றும் பொருள். ஒன்றைக் கற்பதற்கான தகுதி என்றும் பொருள். தத்துவ நூல்களில் ‘அதிகாரி’ என்றால் தாசில்தார் இல்லை, அந்நூலைக் கேட்கத் தகுந்தவன். யார் படிக்கலாம் என்று முடிவான பிறகுதான் அங்கே மற்ற பேச்சு. நன்னூல் பாயிரம் மாணாக்கரை அன்னம், பசு தொடங்கி ஆடு, எருமை, பன்னாடைவரை தரம் பிரிப்பதும் இந்தக் காரியத்துக்காகவே. இன்று மடம் இருந்த இடத்தில் பல்கலைக்கழகத் துறை உட்கார்ந்திருக்கிறது, தீட்சை இருந்த இடத்தில் பட்டம். ‘முறையாகப் பாடம் கேட்டீரா?’ என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

வண்ணார்பேட்டையில் நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு சாயங்காலங்களில் சிவஞானபோதத்தை வாசித்து வருகிறோம். யாருக்கும் சைவப்பற்று கிடையாது, தத்துவப் பட்டமும் கிடையாது. ஒருவர் தொழிற்சங்கத்துக்காரர், ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். “ஹெகலும் அல்தூசரும் கெடக்கும்போது இது என்னத்துக்கு அண்ணாச்சி?” என்று தோழர்கள் கேட்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் நிலமும் சாதியும் கல்வியும் ஒன்றாக முடிச்சிட்டுக்கொண்ட இடங்களில் மடமும் ஒன்று. அதன் மொழிக்குள் போகாமல் அதை எதிர்ப்பது சுவருக்கு வெளியே நின்று சத்தம் போடுவதுதான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்தது இந்நூல். பன்னிரண்டு சூத்திரம், நாற்பதே வரி. நாற்பது வரிதானே என்று உட்கார்ந்தவனை அது பாடாய்ப் படுத்தும். பாபநாசத்துக்குப் பக்கத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785இல் மறைந்த சிவஞான முனிவர் இதற்குச் சிற்றுரை, மாபாடியம் என்று இரண்டு உரை எழுதினார். மாபாடியம் நூறாண்டுக்கு மேல் ஏட்டிலேயே கிடந்து, இருபதாம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. ஆனால் இதே மரபு சொல்லும் கதை வேறு மாதிரி. சகல ஆகமமும் கற்ற அருணந்தி, மெய்கண்டார் என்ற சிறு பையனிடம் வந்து ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டாராம். பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தானாம். பண்டிதர் பையன் காலில் விழுந்து சீடரானார். படிப்பாளியைப் பாலகனுக்குச் சீடனாக்கிய கதையைக் கொண்டாடிக்கொண்டே ஏட்டைப் பூட்டி வைத்த மரபு இது.

பூட்டைத் தொட்டவர்கள் இருந்தார்கள். 1895இல் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை ஒரு முன்சீப். 1908இல் நெல்லை செஷன்ஸ் நீதிபதி பின்ஹே நாற்பது வருடத் தீவாந்தரத் தண்டனை விதித்த வ.உ.சி., 1935இல், சாவதற்கு முந்தைய வருடம், சிவஞானபோத உரையை வெளியிட்டார். துறவி அல்ல, மடத்து வித்துவான் அல்ல; கப்பல் ஓட்டியவர், செக்கிழுத்தவர், வறுமையில் காலம் தள்ளிய வக்கீல். இருவரும் கோர்ட்டுக்காரர்கள் என்பது தற்செயல் இல்லை என்று எனக்குப் படுகிறது. மெய்கண்டார் தம் சூத்திரத்தைத் தாமே பிரித்து மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வைக்கிறார்: இன்னது என் கட்சி, இன்னது காரணம், இன்னது உதாரணம். ஆகமம் தெரியாதவனும் காரணம் கட்சியைத் தாங்குகிறதா என்று கேட்டுவிடலாம். பயிற்சியற்றவன் நுழைய நூலே விட்டுவைத்த வாசல் இது.

நுழைந்தபின் சறுக்கும் இடமும் உண்டு. மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்று நிறுவுகிறது. எல்லாவற்றையும் ‘இல்லை’ என்று தள்ளிக்கொண்டே போனாலும் அப்படித் தள்ளுகிற அறிவு ஒன்று மிஞ்சுகிறது, அதுவே உயிர் என்பது முதல் காரணம். உடனே நம் மேடைக்காரர்கள், டெகார்த் 1637இல் சொன்னதை நாம் நானூறு வருஷம் முந்தியே சொல்லிவிட்டோம் என்று கை தட்டுவார்கள். சூத்திரம் அங்கே நிற்கவில்லை. ‘எனது உடல்’ என்று உடைமையாகப் பேசுவது, ஐம்புலனும் தருவதை ஒன்றே அறிவது, கனவு, உறக்கம் என்று போய், இந்த உயிர் அறிவித்தால்தான் அறியும் என்ற இடத்துக்கு வருகிறது. டெகார்த்துக்கும் கடவுள் தேவைப்படுகிறார், ஆனால் ‘நான்’ உறுதிப்பட்ட பிறகு. மெய்கண்டாரின் ‘நான்’ தனியே நிற்கவே முடியாதது. அவசரப்பெருமை இந்த வித்தியாசத்தைத் தின்றுவிடும். முழுச் சூத்திரத்தையும் வரி தாண்டாமல் படிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பட்டம் வேண்டாம், பொறுமை வேண்டும். சிற்றுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எங்களுக்கு இந்த ஒரு சூத்திரத்துக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

பயிற்சியற்றவன் காதில் மட்டும் விழுகிற ஓசைகளும் இருக்கின்றன. பதி, பசு, பாசம் என்பவை பயின்றவர்களுக்கு இறை, உயிர், தளை எனும் கலைச்சொற்கள். பால்காரர் கேட்டமாத்திரத்தில் சொன்னார்: “மாட்டுக்காரன், மாடு, கயிறு. இதுல மாடு என்ன சொல்லுதுன்னு எங்கயாவது இருக்கா?” சொல்லின் வேர் வேறு, சித்தாந்தப் பொருள் வேறு என்று வித்துவான்கள் மறுப்பார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. பசு என்ற சொல்லை வைத்தே சித்தாந்தம் முழுதும் பண்ணையார் தத்துவம் என்று முடிப்பது சோம்பேறித்தனமான கட்டுடைப்பு. ஆனாலும் விடுதலையைப் பேசப் புகுந்த ஒரு தத்துவம் உடைமையாளனின் தொழுவத்திலிருந்து சொல் எடுத்தது ஏன் என்ற கேள்வி மறுப்போடு தீர்ந்துவிடவில்லை. கயிறு அறுந்தபின்னும் மாடு சொந்தக்காரன் காலடியிலேயே நிற்குமா, அல்லது ‘சொந்தம்’ என்பதற்கே அங்கே வேறு பொருள் வந்துவிடுகிறதா?

பாசம் நீங்குவது பத்தாம் சூத்திரத்தில் வருகிறது. நாங்கள் இப்போது நான்காவதில் இருக்கிறோம்.