விரைவுக் கணக்கும் வேலைக்கு உதவும் கணக்கும்

கிடர்பூர்க் கப்பல்துறைக்குள் கப்பல்கள் ஹூக்ளி நதியின் ஓதம் பார்த்தே வருகின்றன. அங்குப் பணிபுரியும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஓதம் தப்பிய பின் வரும் விடை, எத்துணைச் சரியாயினும், அங்கே விடையன்று.

20 சரக்குகளை எவ்வரிசையில் ஏற்றுவது நலம் என்று ஒவ்வொரு வரிசையாகச் சோதிப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 100 கோடி வரிசைகளைப் பார்க்கும் கணிப்பொறியும் 77 ஆண்டுகள் உழைக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு சரக்கு கூடினால் 1,600 ஆண்டுகளுக்கும் மேலாகும்!

இத்தகைய பெருக்கத்தை விலக்கவே 1960களின் நடுவில் காபம், எட்மண்ட்ஸ் என்னும் அறிஞர்கள் ஓர் அளவுகோலை முன்வைத்தனர். செய்ய வேண்டிய வேலை, கணக்கின் அளவினது ஏதேனும் ஒரு நிலையான அடுக்குக்குள் அடங்குமாயின் அது விரைவு முறை, அடங்காவிடில் அன்று. அவ்வடுக்கு 2 ஆயினும் 100 ஆயினும் அளவுகோலுக்கு ஒன்றே. ஐயம் பிறப்பதும் இங்கேதான்.

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவர், ஓர் எண் பகா எண்தானா என்று ஐயமின்றி அறியும் விரைவு முறையை 2002இல் கண்டனர். உலகமே வியந்த சாதனை அது. ஆயினும் அவர்கள் முதலில் காட்டிய அடுக்கு ஏறத்தாழ 12. எண்ணின் இலக்கங்கள் இரட்டித்தால் வேலையின் வரம்பு 4,096 மடங்காகும். பின்னர் அடுக்கு 6 வரை குறைக்கப்பட்டது. எனினும் நடைமுறையில், பிழைக்கு மிகச் சிறு வாய்ப்புள்ள மில்லர்-ராபின் சோதனையையே பலரும் கையாளுகின்றனர்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அது துறைமுகத்துக்கு இன்னும் நெருங்கியது. எக்கிடங்கிலிருந்து எக்கப்பலுக்கு எவ்வளவு சரக்கு அனுப்பினால் செலவு குறையும் என்பன போன்ற கணக்குகளுக்கு டான்ட்சிக் 1947இல் 'சிம்ப்ளெக்ஸ்' முறையை வகுத்தார். அம்முறையைத் திணறடிக்கும் கணக்குகளை 1972இல் க்ளீ, மின்டி இருவரும் அமைத்துக் காட்டினர். அவற்றில் வேலை இரட்டித்து இரட்டித்துப் பெருகிற்று. அளவுகோல்படி சிம்ப்ளெக்ஸ் தோற்றது. 1979இல் கச்சியான் காட்டிய வேறொரு முறை அதே அளவுகோலில் வென்றது. ஆனால் அன்றாடக் கணக்குகளில் சிம்ப்ளெக்ஸுக்கு ஈடு கொடுக்கவில்லை.

அதற்காக அளவுகோலைக் குப்பையில் எறிவது பேதைமை என்பேன். கச்சியான் திறந்த வழியில் தேடியே, குவாலியரில் பிறந்த நரேந்திர கர்மார்க்கர் 1984இல், ஏட்டிலும் விரைவான, வேலைக்கும் உதவும் முறையொன்றை அளித்தார். அதன் வழித்தோன்றல்கள் இன்று சிம்ப்ளெக்ஸுடன் அருகருகே பணியாற்றுகின்றன.