பௌதிகம் பயிலத் தொடங்குவோருக்கு ஏற்ற நூல்கள்

பௌதிகத்தைப் புதிதாகப் பயில முற்படுவோர் சிலர், முதல் நூலோடே அம்முயற்சியைக் கைவிட்டுவிடுகின்றனர். குறை நூலின் தேர்வில் இருப்பினும், தமக்கு இவ்வறிவியல் வராது என்றே அவர்கள் முடிவு செய்கின்றனர். ஆகவே தொடக்க நூலைத் தேர்ந்து கொடுப்பது பொறுப்பு மிக்க பணியாகும்.

புகழ்பெற்ற நூல்கள் யாவும் தொடக்க நூல்கள் ஆகிவிடா. அமெரிக்க அறிஞர் ரிச்சர்ட் ஃபெயின்மன் 1961 முதல் 1963 வரை கல்லூரி மாணவர்களுக்கு ஆற்றிய பௌதிகச் சொற்பொழிவுகள் மூன்று தொகுதிகளாக வெளிவந்து உலகெங்கும் போற்றப்படுகின்றன. எனினும் மாணவர்களுக்கு அவை போதிய அளவு பயன்படவில்லை என்ற ஐயத்தை அவரே முன்னுரையில் வெளியிட்டுள்ளார். அடிப்படையைக் கற்றவருக்கே அந்நூல் விருந்தாகும்.

ஒரு நூலின் தகுதியை எளிய சோதனை ஒன்றால் அறியலாம். முடுக்கம் பற்றிய அத்தியாயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சமன்பாட்டை முதலில் தந்து, எண்களை அதிலிடச் சொல்லும் நூல் மனப்பாடத்துக்கே வழிகாட்டும். நல்ல நூலோ விழும் கல்லை முதலில் காட்டும். காற்றின் தடை இல்லையெனில், உயரத்திலிருந்து விடப்பட்ட கல் முதல் விநாடியில் 4.9 மீட்டரும், இரண்டாம் விநாடியில் 14.7 மீட்டரும், மூன்றாம் விநாடியில் 24.5 மீட்டரும் விழுகின்றது. ஒவ்வொரு விநாடியிலும் கடக்கும் தூரம் முந்தியதைவிட 9.8 மீட்டர் மிகுவதை மாணவர் தாமே கண்டுகொள்வார். பின்னர் வரும் சமன்பாடு, அவர் கண்ட உண்மையின் சுருக்கமாகவே விளங்கும்.

நூல் எதிர்பார்க்கும் கணிதத்தையும் கவனித்தல் வேண்டும். முதல் நூலுக்கு எளிய இயற்கணிதமே போதுமானது. செய்து காட்டிய கணக்குகளும், விடையுடன் கூடிய பயிற்சிகளும் தனியே பயில்வோருக்கு இன்றியமையாதவை.

ஆர்வத்தைத் தூண்ட, ருஷ்ய எழுத்தாளர் யாக்கவ் பெரெல்மான் 1913-இல் வெளியிட்ட பொழுதுபோக்குப் பௌதிக நூல் உதவும். முறையான பயிற்சிக்குப் பள்ளிப் பாடநூல்களே முதற்படி. அவற்றைக் கற்று முடித்தோருக்கு, எச். சி. வர்மா 1992-இல் இரு பகுதிகளாக வெளியிட்ட நூல் அடுத்த படியாகும். எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்ய விரும்பும் ஆசிரியருக்கு, யுனெஸ்கோ 1956-இல் வெளியிட்ட அறிவியல் ஆசிரியர் கைந்நூல் துணை செய்யும்.

படிப்பகங்களுக்கு நூல் வாங்குவோர், வாங்குமுன் ஓர் அத்தியாயத்தை மாணவர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துப் பார்ப்பது நலம். படித்ததைத் தம் சொற்களில் அவர் விளக்குவாராயின், அந்நூலை நம்பி வாங்கலாம்.