குடற்புரையும் தாகமும்

பெருங்குடலிலே சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற ஒருவர்க்குச் சில நாட் கழிந்தபின் காய்ச்சல் காண்கின்றது. தையலிட்ட புண்ணின் வாயிலாக மலங்கலந்த நீர் கசிகின்றது. தைத்து இணைத்த குடல் விட்டுப்போயிருக்கலாம். அன்றிச் சிகிச்சையின்போது சிறுகுடலிற் பட்ட காயம் பின்னர்த் திறந்திருக்கலாம். குடலினின்று தோல்வரை இவ்வாறு உண்டாகும் வழியே குடற்புரை. பொதுமக்கள் நன்கறிந்த பவுத்திரம் குதத்தருகே தோன்றுவது. அது வேறு நோய்.

1960ஆம் ஆண்டிற் பொஸ்டன் நகர வைத்தியர் வெளியிட்ட ஆய்வொன்றில், இரைப்பையிலோ குடலிலோ புரையுற்ற 157 பேருள் நூற்றுக்கு 43 வீதத்தினர் இறந்தமை காணப்படுகின்றது. நீரும் உப்பும் இழத்தல், ஊட்டக்குறைவு, சீழால் விளையும் நஞ்சேற்றம் ஆகிய மூன்றுமே அவர்க்குக் கூற்றாயின.

இவற்றுள் முதலாவதைப் பற்றியே வீட்டாரிடம் தவறான எண்ணம் மிகுதி. நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் ஒழுகும் புரை பெரும்பாலும் சிறுகுடலினது. அந்நீர் உப்பு மிக்கது. நோயாளிக்கோ தாங்கொணாத் தாகம். வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வைத்தியசாலைக்குப் பார்க்க வருவோர் தெம்பிலியும் தேநீரும் கொண்டுவருதல் அன்பின் இயல்பே. ஆயின், உப்புக் குறைந்த நீர் மேற்சிறுகுடலை அடைந்ததும் உடலிலுள்ள சோடியம் குடலினுட் கசிந்து, அந்நீரோடு வெளியேறிவிடுகின்றது. குடிக்கக் குடிக்க ஒழுக்கு மிகும். ஒழுக ஒழுகத் தாகம் மிகும். தெம்பிலியிலே பொட்டாசியம் மிகுதி, சோடியமோ சொற்பம். ஆதலால் வைத்தியர் வெறுநீரை அளவுபடுத்தி, ஒரு லீற்றர் நீரில் 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியமிருகாபனேற்று, 20 கிராம் குளுக்கோசு கலந்த கரைசலைச் சிறுகச் சிறுகப் பருகச் செய்வர். எஞ்சிய குறைவை நாளத்தின் வழியாக நிரப்புவர். தண்ணீரை மறுக்கும் தாதியைக் கல்நெஞ்சினள் என்று வைதல் அறியாமையேயாம்.

சீழ் கட்டிய இடத்தைச் சீ.ரீ. படத்தால் அறிந்து, குழாய் செலுத்தி வடிப்பர். ஒழுகும் நீர் தோலை அரிக்குமாதலின், புரைவாயைச் சூழப் பையொன்று பொருத்துவர். நாளத்தின் வழியாகவே முழு ஊட்டமும் அளிக்கலாமென 1968இல் அமெரிக்கராகிய ஸ்ரான்லி டட்ரிக் குழுவினர் காட்டியபின், வாய்வழி உண்ண இயலாதவரையும் வாரக்கணக்காகத் தாங்கிக் காத்திருத்தல் கைகூடிற்று.

காத்திருத்தல் உறவினர்க்குப் பெருந்துன்பம். ‘மீண்டும் வயிற்றைத் திறந்து தைத்துவிட்டாலென்ன?’ என்பர். வயிறெங்கும் சீழ் பரவினாலன்றி அவ்வாறு செய்தல் ஆபத்து. முதற் சில வாரங்களிற் குடல்கள் வீங்கி ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும்; கைபட்ட இடத்திற் புதுப்புரை தோன்றக்கூடும். பல புரைகள் ஐந்தாறு வாரத்துள் தாமே மூடுகின்றன. புரைக்குக் கீழே குடல் அடைபட்டிருப்பின் மூடா. அத்தகையோர்க்கு மறு சத்திரசிகிச்சை, உடல் தேறி, ஒட்டுக்கள் இளகி, வயிறு மெத்தென்றானபின் சில மாதங் கழித்தே செய்யப்படும்.